மெதுவாகப் பறக்க வேண்டிய ஏழு சுற்று

கம்பியில் கட்டிய மாதிரி விமானம் வேகமாகச் சுற்றும்வரை ஓட்டுகிறவருக்குக் கவலை இல்லை. கம்பி விறைத்து நிற்கும். கைப்பிடியை விரலளவு சாய்த்தாலே வாலிலுள்ள எலிவேட்டர் சொன்ன பேச்சைக் கேட்கும். அதே விமானத்தைச் சைக்கிள் வேகத்துக்கு இறக்கிப் பாருங்கள். கம்பி தொய்கிறது, கைப்பிடியில் கனமே தெரிவதில்லை. மூக்கு நிமிர்ந்து, வால் தொங்கி, விமானம் காற்றில் தவழ்கிறது. எந்த நொடியில் உள்பக்கம் சாய்ந்து நம்மை நோக்கி வரும் என்று சொல்ல முடியாது. அந்த நிலையில் ஏழு சுற்றை முடித்துவிட்டு, வட்டத்தின் ஓரத்தில் போட்டிருக்கும் குறுகலான பலகைத் தளத்தில், குறுக்கே கட்டிய கயிற்றில் வால் கொக்கியை மாட்டி நிறுத்த வேண்டும். கட்டுப்பாட்டுக் கம்பி விமானங்களுக்கான கப்பல்தளப் போட்டி என்பது இதுதான்.

இந்தப் போட்டி எதைச் சோதிக்கிறது, எப்படி வளர்ந்தது, அதற்குள் என்னென்ன வழக்குகள் எழுந்தன, 1961 முதல் விமானந்தாங்கிக் கப்பல் வைத்திருக்கும் நம் நாட்டில் அது ஏன் வேர்பிடிக்கவில்லை என்பதையெல்லாம் ஒருசேரப் பார்க்கலாம். கல்லூரிக் காலத்தில் என்.சி.சி. விமானப் பிரிவில் இருந்து கம்பி விமானம் ஓட்டியவன் நான். இப்போது கன்னிவாடியில், பழனி மலையின் கிழக்கு அடிவாரத்தில், அறுவடை முடிந்த காட்டில் அதையே திரும்பச் செய்துகொண்டிருக்கிறேன். ஆகவே இதில் என் விருப்பு வெறுப்பும் கலந்திருக்கும்.

முதலில் விளையாட்டின் இலக்கணம். ஓட்டுபவர் வட்டத்தின் நடுவில் நிற்பார். கையில் கைப்பிடி, அதிலிருந்து இரண்டு மெல்லிய எஃகுக் கம்பிகள் விமானத்தின் இடது இறக்கை வழியாக உள்ளே போய், பெல்கிராங்க் என்ற சிறு நெம்புகோலில் முடியும். கைப்பிடியைச் சாய்த்தால் ஒரு கம்பி இழுபட்டு மறு கம்பி தளரும். பெல்கிராங்க் திரும்பி, ஒரு தண்டின் வழியாக எலிவேட்டரை ஏற்றும் அல்லது இறக்கும். ஏறுவதும் இறங்குவதும் மட்டுமே நம் கையில் உள்ளவை. இடம் வலம் திரும்புவதைக் கம்பியே பார்த்துக்கொள்கிறது. கப்பல்தளப் போட்டியில் மூன்றாவதாக ஒரு கம்பியும் சேரும். அது இஞ்சினின் த்ராட்டிலைத் திறக்கவும் மூடவும் உதவும். கமலை இறைத்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். பாரத்தைத் தாங்குவது வடம். சாலின் வாயைத் திறப்பதும் மூடுவதும் வால்கயிறு. இரண்டும் ஒரே ஆளின் கணக்கில் ஓடும்.

அமெரிக்க விதிப்படி கம்பியின் நீளம் 60 அடி. தளத்திலிருந்து எழும்பிய விமானம் ஏழு சுற்று முழு வேகத்தில் போக வேண்டும்; அந்த நேரத்தைக் குறிப்பார்கள். பிறகு ஏழு சுற்று முடிந்த அளவு மெதுவாகப் பறக்க வேண்டும், அதையும் குறிப்பார்கள். கடைசியில் கொக்கியை இறக்கிவிட்டுத் தளத்தில் இறங்க வேண்டும். ஏன் ஏழு சுற்று? 60 அடி ஆரமுள்ள வட்டத்தின் சுற்றளவு சுமார் 377 அடி. ஏழால் பெருக்கினால் 2,639 அடி, அதாவது ஓரடி குறைய அரை மைல். மணிக்கு 90 மைல் வேகத்தில் போனால் இந்த அரை மைல் 20 நொடியில் முடிந்துவிடும். 15 மைலில் போனால் இரண்டு நிமிடம் ஆகும். அந்த இரண்டு நிமிடமும் கண் சிமிட்ட நேரமிருக்காது.

மெதுவாகப் போவதில் ஏன் இவ்வளவு சிரமம் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. விமானம் ஒன்றரைக் கிலோ என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 90 மைலில் அது கம்பியை இழுக்கும் விசை ஏறத்தாழ 13 கிலோ எடைக்குச் சமம், தோள்பட்டை வலிக்கும். வேகம் ஆறில் ஒரு பங்காகக் குறைந்து 15 மைலுக்கு வந்தால், இழுவை ஆறில் ஒரு பங்காகக் குறைவதில்லை, முப்பத்தாறில் ஒரு பங்காகிறது. 13 கிலோ இழுத்த கம்பி இப்போது 400 கிராம்கூட இழுக்காது. கட்டுப்பாடு முழுக்க அந்த இழுவையை நம்பித்தான் இருக்கிறது. இழுவை போனால் கைப்பிடிக்கும் விமானத்துக்கும் உறவு போயிற்று.

இதனால்தான் நல்ல போட்டி விமானங்களில் கம்பி வெளியேறும் இடத்தையே நகரும்படி செய்கிறார்கள். வேகச் சுற்று முடிந்ததும் இறக்கை நுனியில் உள்ள வழிகாட்டி பின்னால் நகரும். கம்பி பின்னுக்குப் போனதால் மூக்கு வட்டத்துக்கு வெளியே திரும்ப, விமானம் வெளிப்பக்கம் விலகப் பார்க்கும். கம்பி மறுபடி விறைக்கும். சுக்கானையும் வெளிப்பக்கம் திருப்பிவிடுவார்கள். இறக்கையின் பின்னோரத்து மடல்கள் இறங்கும். எல்லாம் அந்த 400 கிராமைக் காப்பாற்றுவதற்காகத்தான்.

புள்ளி போடும் முறையில்தான் இந்தப் போட்டியின் உயிர் இருக்கிறது. அதிவேகத்துக்குப் புள்ளி உண்டு. குறைந்த வேகத்துக்குத் தனியாகப் புள்ளி கிடையாது; அதிவேகத்தைக் குறைந்த வேகத்தால் வகுத்து வரும் விகிதத்துக்குப் புள்ளி. 90 மைலும் 15 மைலும் எட்டியவருக்கு ஆறு. 60 மைல்தான் போனார், ஆனால் 10 மைலுக்கு இறக்கினார் என்றால் அவருக்கும் அதே ஆறு. ஒழுங்காகக் கயிற்றில் மாட்டி நின்றால் 100 புள்ளி. உண்மையான கப்பல் விமானத்தின் அளவுகளை ஒட்டிச் செய்திருந்தால் மேல்வகுப்புகளில் அதற்கும் கூடுதல் புள்ளி உண்டு. நிறையக் காசு கொடுத்துப் பெரிய இஞ்சின் வாங்கியவர் வேகத்தை வாங்கிவிடலாம். விகிதத்தை வாங்க முடியாது. விமான விளையாட்டுகளில் இவ்வளவு நியாயமான கணக்கை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

கம்பி விமானத்தின் பிறப்பு அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில். ஓபா செயின்ட் கிளேர் என்பவர் 1930-களின் பிற்பகுதியில் இப்படி ஓட்டிக் காட்டினார். அதே மாநிலத்தின் போர்ட்லண்டைச் சேர்ந்த ஜிம் வாக்கர் இதற்குக் காப்புரிமை வாங்கி, ‘ஃபயர்பால்’ என்ற விமானத்தின் மூலம் நாடெங்கும் பரப்பினார். யார் முதல் என்ற வழக்கு 1950-களில் நீதிமன்றம்வரை போய், செயின்ட் கிளேருக்குச் சாதகமாக முடிந்தது. இன்றும் உலகப் போட்டிகளில் கம்பி விமானத்துக்கு வேகம், சாகசம், குழு ஓட்டம், சண்டை என நான்கு பிரிவுகள் உண்டு. கப்பல்தளம் அந்த நான்கில் இல்லை. அது பெரும்பாலும் அமெரிக்காவோடு நின்றுவிட்ட கலை.

அதற்கும் காரணம் உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பல ஆண்டுகள் அமெரிக்கக் கடற்படை தன் விமானத் தளங்களை மாதிரி விமானத் தேசியப் போட்டிக்குத் திறந்துவிட்டது. பசிபிக் கடலில் விமானந்தாங்கிக் கப்பல்களால் போரின் போக்கு மாறியதைக் கண்ட தலைமுறை அது. ஓடுதளத்தில் பலகையால் ஒரு கப்பல் தளம் போட்டு, சிறுவர்களிடம் விமானத்தை அதில் இறக்கச் சொன்னார்கள். கடற்படைக்கு அது ஆள்சேர்ப்பு; சிறுவர்களுக்கு வாழ்நாள் பித்து. அன்றைய சிறுவர்கள்தான் இன்று முதியவர்களாக அந்தப் போட்டியைத் தாங்கிக்கொண்டிருக்கிறார்கள். அதற்கென்று ஒரு சங்கம்கூட அங்கே உண்டு.

இந்தப் பலகைத் தளத்தில் எனக்கு மிகப் பிடித்த விஷயம் கயிறுதான். குறுக்கே கட்டிய கயிற்றின் இரு முனையிலும் மணல் மூட்டை தொங்கும் அல்லது கிடக்கும். கொக்கி மாட்டியதும் மூட்டைகள் இழுபட்டு வேகத்தைத் தின்றுவிடும். இது பொம்மைக்காகக் கண்டுபிடித்த ஏற்பாடென்று நீண்டகாலம் நினைத்திருந்தேன்; அப்படி இல்லை. 1911 ஜனவரி 18 அன்று யூஜின் ஈலி என்ற விமானி சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவில் நின்ற ‘பென்சில்வேனியா’ போர்க்கப்பலின்மேல் இறங்கினார். உலகில் கப்பல்மேல் விமானம் இறங்கியது அதுவே முதல் முறை. அவரை நிறுத்தியது 22 கயிறுகளும், ஒவ்வொரு முனையிலும் கட்டிய 50 பவுண்டு மணல் மூட்டைகளும். உண்மைக் கப்பல்கள் பிறகு நீரழுத்த இயந்திரங்களுக்குப் போய்விட்டன. ஈலியின் மணல் மூட்டையை விடாமல் வைத்திருப்பது இந்த விளையாட்டுதான்.

இனி வழக்குகள். பெரிய வழக்கு, விமானத்தைக் காற்றாடியிலேயே தொங்கவிடுவது. ஓட்டுபவர்கள் மூக்கை நிமிர்த்திக்கொண்டே போனார்கள். இறக்கை தாங்க வேண்டிய எடையைச் சுழலும் காற்றாடியே தாங்கத் தொடங்கியது. விமானம் ஏறக்குறைய நின்றபடி, ஹெலிகாப்டர் மாதிரி நகர்ந்தது. விகிதம் எகிறியது. பார்த்தவர்கள் இரண்டு கட்சியானார்கள். எந்தக் கப்பல் விமானமும் இப்படிப் பறக்காது, போட்டியின் அர்த்தமே போய்விட்டது என்றது ஒரு கட்சி. இதைவிடக் கடினமான கைவேலை வேறில்லை, விதியில் இடமிருக்கும்போது குறை சொல்லக் கூடாது என்றது மற்றது. கடைசியில் மூக்கு 60 டிகிரிக்கு மேல் நிமிரக் கூடாது என்று கோடு கிழித்தார்கள்.

நான் முதல் கட்சியில் இருந்தவன். தொங்கவிடும் முறையை நானே முயன்று பார்த்த பிறகு என் குரல் தணிந்துவிட்டது. த்ராட்டில் ஒரு மயிரிழை கூடினால் விமானம் ஏறுகிறது, ஒரு மயிரிழை குறைந்தால் வாலைக் கொண்டு அமர்கிறது. இதற்கிடையில் காற்று வேறு. அனுபவமுள்ளவர்களுக்கு 60 டிகிரி இருக்கட்டும். கற்றுக்கொள்கிற பிள்ளைகளுக்கு அதில் பாதி போதும். இறக்கை காற்றைத் தாங்குவதும், தாங்காமல் கைவிடுவதும், அதாவது ஸ்டால் என்பதும், கைக்குத் தெரிய வேண்டிய வயது அது. காற்றாடியில் தொங்கினால் அந்தப் பாடமே தவறிப்போகும்.

இரண்டாவது வழக்கு, த்ராட்டிலை எப்படி இயக்குவது என்பது. மூன்றாம் கம்பிதான் மரபு. அதன் கைப்பிடியும் பெல்கிராங்கும் நுணுக்கமானவை; கம்பி தொய்ந்தால் த்ராட்டிலும் தானாக மாறிவிடும். அண்மை ஆண்டுகளில் ரேடியோ மூலம் த்ராட்டிலை இயக்க வழி விட்டார்கள். மரபுக்காரர்கள் முகம் சுளித்தாலும் இது சரியான முடிவு என்றே சொல்வேன். கிடைக்காத ஒரு கைப்பிடிக்காக யாரும் இந்த விளையாட்டை விட்டுப் போகக் கூடாது.

விலையைப் பற்றிய வழக்கும் இருந்தது. உருண்ட உடம்போடு, அளவு பிசகாமல் ஒரு விமானம் செய்ய மாதக்கணக்கில் ஆகும்; ஒரே விழுகையில் போய்விடும். அதனால் உடம்பைத் தட்டைப் பலகையாக வைத்து, சிறிய இஞ்சினோடு ஓட்டும் வகுப்பைக் கொண்டுவந்தார்கள். இந்த வகுப்பு வந்திராவிட்டால் போட்டியே என்றோ முடிந்திருக்கும்.

இப்போது நம் பக்கம் வருவோம். ‘விக்ராந்த்’ கப்பல் 1961 மார்ச் 4 அன்று பெல்ஃபாஸ்டில் இந்தியக் கடற்படையில் சேர்ந்தது. அதே ஆண்டு மே 18 அன்று அதில் முதல் ஜெட் விமானத்தை இறக்கியவர் லெப்டினன்ட் தஹிலியானி. பின்னாளில் கடற்படைத் தளபதியானார். அந்தக் கப்பலுக்கான ‘சீ ஹாக்’ விமானங்களின் கரைத்தளமான ‘ஐ.என்.எஸ். ஹன்சா’ 1961 செப்டம்பர் 5 அன்று தொடங்கப்பட்ட இடம் கோவைக்கு அருகிலுள்ள சூலூர். கோவா விடுதலைக்குப் பிறகு 1964-இல்தான் அது டபோலிம் போனது. அதற்கும் முன்னால், இரண்டாம் உலகப் போரின்போது, பிரிட்டிஷ் கடற்படையின் விமானப் பழுதுபார்க்கும் தளம் கோவையில் இயங்கியது. கன்னிவாடியிலிருந்து ஒட்டன்சத்திரம், பழனி, உடுமலை, பல்லடம் என்று போனால் சூலூர். கடலே இல்லாத இந்தக் கொங்குச் செம்மண்ணில்தான் கப்பல் விமானிகளும் மெக்கானிக்குகளும் வேலை பழகினார்கள். நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

மெதுவாகப் பறப்பதன் அருமை விக்ராந்தின் கதையிலேயே இருக்கிறது. விமானந்தாங்கிக் கப்பல், விமானங்களை ஏற்றி இறக்கும்போது காற்றை எதிர்த்துத் திரும்பி வேகமாக ஓடும். கப்பலின் வேகமும் காற்றின் வேகமும் சேர்ந்து தளத்தின்மேல் எதிர்க்காற்றாக வீசும். அந்த அளவுக்கு, தளத்தைப் பொறுத்தவரை விமானத்தின் வேகம் குறையும். 1971 போருக்கு முன் விக்ராந்தின் கொதிகலனில் விரிசல் கண்டது. முழு வேகத்தில் ஓட முடியாத கப்பலில் எப்படி விமானத்தை இறக்குவது என்பது பெரிய கேள்வியானது. அப்படியிருந்தும் டிசம்பர் 4 அன்று அதன் சீ ஹாக் விமானங்கள் சிட்டகாங்கையும் காக்ஸ் பஜாரையும் தாக்கின. வேகத்தில் சில நாட் குறைவதும் கூடுவதும் அந்த விமானிகளுக்கு உயிர்ப் பிரச்சினை.

கரையில் கப்பல்தளம் போட்டுப் பழகுவதும் விளையாட்டுப் பிள்ளைகளின் கற்பனை அன்று. கோவாவின் ஹன்சா தளத்தில் கடற்படை அப்படியொரு தளத்தைக் கட்டியிருக்கிறது. வளைந்து ஏறும் முகப்பும் தடுப்புக் கம்பிகளும் தரையிலேயே உண்டு. கடற்படைக்கான தேஜஸ் விமானம் 2019 செப்டம்பர் 13 அன்று முதலில் கம்பியில் மாட்டி நின்றது அங்கேதான். 2020 ஜனவரி 11-இல் ‘விக்ரமாதித்யா’ கப்பலில் இறங்கியது அதற்குப் பிறகு. விமானப்படையின் தேஜஸ் விமானங்களுக்கும் அதே சூலூரில் தளம் உண்டு.

இத்தனையும் இருக்க, இந்தியாவில் கப்பல்தளப் போட்டி ஏன் இல்லை? கம்பி விமானம் இங்கே தெரியாத ஒன்றில்லை. என்.சி.சி.யின் விமானப் பிரிவு 1950-இல் தொடங்கியது. கேடட்டுகள் மாதிரி விமானம் செய்வதும் கம்பியில் ஓட்டுவதும் அதன் பயிற்சியில் உண்டு. அகில இந்திய வாயு சைனிக் முகாமில் போட்டியும் நடக்கிறது. கடற்படைப் பிரிவு கேடட்டுகள் கப்பல் மாதிரிகள் செய்கிறார்கள். அவர்களுக்கு நவ் சைனிக் முகாம். ஒருவர் விமானம் செய்கிறார், இன்னொருவர் கப்பல் செய்கிறார். இரண்டு பேரும் சந்திக்கிற இடம் ஒன்றுதான். அது விமானந்தாங்கிக் கப்பலின் தளம். அந்த இடத்துக்கு நம் பயிற்சி போகவே இல்லை. எனக்குள்ள பெரிய வருத்தம் இது.

இதற்குத் தொழில்நுட்பக் காரணமும் உண்டு. நாங்கள் ஓட்டிய இஞ்சினில் த்ராட்டிலே கிடையாது. காற்றாடியை விரலால் சுண்டிக் கிளப்பிவிட்டால் எரிபொருள் தீரும்வரை ஒரே வேகம்; தீர்ந்ததும் சறுக்கி இறங்கும். ஈதரும் மண்ணெண்ணெயும் விளக்கெண்ணெயும் ஏறக்குறைய சமமாகக் கலந்த டீசல் கலவை; அந்தப் புகை வாசம் சட்டையை விட்டு ஒரு வாரத்துக்குப் போகாது. நன்றாக ஓட்டினாய் என்றால் நிறையச் சுற்று சுற்றினாய் என்று பொருள். எங்கே இறங்க வேண்டும், எப்படி இறங்க வேண்டும் என்று எங்களை யாரும் கேட்டதில்லை. த்ராட்டில் உள்ள குளோ இஞ்சின்களுக்கு மெத்தனால் வேண்டும். தமிழ்நாட்டில் மெத்தனாலை வாங்கவும் வைத்திருக்கவும் உரிமம் தேவை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்துக்கு 60-க்கும் மேற்பட்டவர்கள் பலியானதைப் பார்த்த பிறகு, அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தச் சொல்ல யாருக்கும் மனம் வராது, எனக்கும் வரவில்லை.

ஆனால் இந்தத் தடை இப்போது தானே விலகிவிட்டது. மின்மோட்டார் வந்தாயிற்று. பேட்டரி, மோட்டார், வேகக் கட்டுப்பாட்டுக் கருவி மூன்றும் ட்ரோன் கடைகளிலேயே கிடைக்கின்றன. த்ராட்டில் என்பது அதில் கூடவே வருகிறது. மெதுவாகப் பறக்கும்போது குளோ இஞ்சின் இருமி அணைந்துவிடுமோ என்ற பயம் இல்லை. இஞ்சினா மோட்டாரா, எது தூய்மையானது என்று அமெரிக்காவில் விவாதிக்கலாம். நமக்கு மின்மோட்டார் ஒன்றே வழி.

ட்ரோன் வந்த பிறகு இது எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. பொறியியல் கல்லூரிகளில் ட்ரோன் குழுக்கள் இருக்கின்றன, எஸ்.ஏ.இ. இந்தியா அமைப்பு நடத்தும் விமான வடிவமைப்புப் போட்டியில் மாணவர்கள் எடை தூக்கும் விமானங்களைச் செய்கிறார்கள். எல்லாம் நல்லதுதான். ட்ரோனைக் காற்றில் நிறுத்திவைப்பது அதற்குள் இருக்கும் கணினி. நிற்பதன் கஷ்டம் ஓட்டுபவரின் கைக்குத் தெரிவதே இல்லை. கம்பி விமானத்தில் இறக்கை கைவிடப்போகும் செய்தி கம்பி வழியாக விரலுக்கு வருகிறது. ஏரோநாட்டிக்ஸ் வகுப்பில் கரும்பலகையில் வரையும் ஸ்டால் வளைகோட்டை விரலால் தொட்டறிய இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியவில்லை.

இங்கே செய்து பார்த்ததைச் சொல்கிறேன். எங்கள் விமானம் ‘அலிஸே’. விக்ராந்தில் இருந்த பிரெஞ்சு நாட்டு நீர்மூழ்கி வேட்டை விமானம். ஜெட் அல்ல, காற்றாடி விமானம் என்பதால் மாதிரிக்குப் பொருத்தமானது. இறக்கை அகலம் 15.6 மீட்டர், பதினாறில் ஒரு பங்காகக் குறைத்தால் 97 சென்டிமீட்டர் சொச்சம். சக்கரம் மடங்கி ஒளிந்துகொள்ளும் இரண்டு குமிழ்கள் இறக்கையின் முன்னோரத்தில் துருத்திக்கொண்டிருப்பது அதன் அடையாளம். உடம்பைத் தட்டைப் பலகையாக வைத்தாலும் அந்தக் குமிழை மட்டும் நாங்கள் விடவில்லை.

இடம் பிடிப்பதில்தான் அலைச்சல். கன்னிவாடியில் வயல் இருக்கிறது, மலையோரம் வெட்டவெளி இருக்கிறது. ஆனால் கிணற்று மோட்டாருக்குப் போகும் மின்கம்பி இல்லாத காடு அபூர்வம். கம்பி விமானத்தில் உயிரைப் பறித்த விபத்துகளில் மின்கம்பிக்குப் பெரும் பங்குண்டு. 60 அடி எஃகுக் கம்பி கையில் இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. கம்பியும் கையும் எட்டும் தூரத்துக்கு இரு மடங்கு தள்ளி மின்கம்பி இருந்தால் மட்டுமே ஓட்டுவது என்று முடிவு செய்தோம். ஒவ்வொரு முறையும் பறப்பதற்கு முன் விமானத்தை ஒருவர் பிடித்துக்கொள்ள, கைப்பிடியில் வில்தராசை மாட்டி இழுத்துப் பார்ப்போம். வேகச் சுற்றின் இழுவையைவிட அதிகம் தாங்கினால்தான் மோட்டார் ஓடும். கைப்பிடியிலிருந்து மணிக்கட்டுக்கு ஒரு வார் எப்போதும் உண்டு.

தளத்துக்குப் பந்தல்காரரிடம் பந்தி மேசைகளை வாடகைக்கு எடுத்தோம். காலை மடக்கிச் செங்கல்மேல் வரிசையாகப் போட்டு, மேலே ப்ளைவுட் விரித்தோம். குறுக்கே நைலான் கயிறுகள். கொக்கி நுழையும்படி அவற்றை மூங்கில் சிம்பு வைத்துத் தளத்திலிருந்து கொஞ்சம் தூக்கினோம். முனைகளில் மஞ்சப்பையில் மணல். மணலைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தோம். கூடினால் கொக்கி பிய்கிறது, குறைந்தால் விமானம் தளத்தைத் தாண்டி ஓடுகிறது.

காற்றுதான் ஆசிரியர். தையிலும் மாசியிலும் காலையில் மலையடிவாரம் அசையாமல் இருக்கும். ஆடியில் மேல்காற்று இறங்கினால் நிற்கவே முடியாது. அந்த மாதம் பெட்டியைத் திறப்பதில்லை. லேசான காற்றிலும் வட்டத்தின் எல்லா இடமும் ஒன்றாக இருப்பதில்லை. காற்று வரும் பக்கத்தில் விமானம் போகும்போது காற்று அதை நம்மை நோக்கித் தள்ளும், கம்பி தொய்யும். எதிர்ப்பக்கத்தில் வெளியே தள்ளும், கம்பி இறுகும். எங்கள் முதல் இறக்கை ஒடிந்தது இதைச் சரியாகக் கணிக்காத என் தவறால்தான். தொய்வைக் கண்டதும் நான் பின்னால் ஓடியிருக்க வேண்டும், நின்றுவிட்டேன். தளத்தைக் காற்று போகும் பக்கத்தில் போட வேண்டும். அதோடு இறங்கும் விமானத்துக்குக் கொஞ்சம் எதிர்க்காற்றும் கிடைக்க வேண்டும். விமானம் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்றுவதால், மேல்காற்று என்றால் தளம் வட்டத்தின் வடகிழக்கில். வடகிழக்கு வாடை என்றால் தெற்கில். விக்ராந்த் காற்றைப் பார்த்துத் திரும்பியது. நாங்கள் பந்தி மேசைகளைத் தூக்கி மாற்றிப் போட்டோம்.

நிலத்துக்காரர் வரப்பில் துண்டைப் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். “ஏன் தம்பி, ஏத்துறது ஒரு நொடில ஏத்திப்புட்ட. எறக்குறதுக்கு இம்புட்டு நேரமா?”

“எறக்குறதுக்குத்தாண்ணே மார்க்கு” என்றேன்.

என்.சி.சி. அதிகாரிகளிடமும் கல்லூரிகளிடமும் நான் கேட்பது பெரிய செலவுள்ள காரியம் இல்லை. இருக்கிற கம்பி விமானப் போட்டியோடு ஒரு தளத்தைச் சேர்த்துவிடுங்கள். விமானப் பிரிவு கேடட் விமானத்தைச் செய்யட்டும், கடற்படைப் பிரிவு கேடட் தளத்தையும் கயிற்றையும் செய்யட்டும். இருவருக்கும் சேர்த்து ஒரே மதிப்பெண். வேகப் புள்ளிக்கு ஓர் உச்சவரம்பு வைத்துவிட்டால் விலையுயர்ந்த மோட்டாருக்கு வேலையில்லை. விகிதமும் இறக்கமும் மிச்சத்தைத் தீர்மானிக்கட்டும். மூக்கு 30 டிகிரிக்கு மேல் நிமிரக் கூடாது. வகுப்புக்கு அலிஸே, சீ ஹாக் என்று பெயர் வைத்தால் சூலூரின் கதையையும் சேர்த்துச் சொல்ல வேண்டிவரும்.

நிலத்துக்காரர் பார்த்துக்கொண்டிருந்த அன்று, முதல் முயற்சியில் கொக்கி எல்லாக் கயிற்றையும் தாண்டிப் போனது. த்ராட்டிலைக் கூட்டி மறுபடி சுற்றினேன். இரண்டாவதில் கயிறு மாட்டியது, ஆனால் வெளிச்சக்கரம் தளத்தின் ஓரத்தை விட்டு இறங்கிவிட்டது. மூன்றாவது முறை கம்பி விரலில் பஞ்சுபோல் கிடக்க, அலிஸே மூக்கைத் தூக்கியபடி மேசைகளின்மேல் வந்து வாலைத் தாழ்த்தியது. மஞ்சப்பை இரண்டும் ப்ளைவுட்டில் சரசரவென்று உள்ளே இழுபட்டு நின்றன. எங்களோடு இருந்த எட்டாம் வகுப்புப் பையன் கைதட்டவில்லை, நேராக ஓடிப்போய்க் குனிந்து பார்த்து, “மூணாவது கயிறுண்ணே!” என்று கத்தினான். எந்தக் கம்பியில் கொக்கி மாட்டியது என்று கப்பலிலும் ஒவ்வொரு இறக்கத்துக்கும் குறித்துவைப்பார்கள். அவனிடம் நோட்டைக் கொடுத்து எழுதச் சொன்னேன்.